திருகாணியும் தம்பூராவும் தேர்ந்தெடுத்த ஹெட்ஃபோன்

மைக் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு மூடிய வகை ஹெட்ஃபோன் எதற்கு என்று யாராவது கேட்டால், நான் தம்பூராவைத்தான் காட்டுவேன். ஆலாபனை பதிவு செய்யும்போது காதில் சுருதி ஓட வேண்டும். கப்பின் பின்பக்கம் திறந்திருக்கிற ஓப்பன் பேக் ஹெட்ஃபோனில் அந்தச் சத்தம் காதுக்குள் போகிற மாதிரியே வெளியிலும் போகும். இரண்டு முழம் தள்ளி நிற்கிற கண்டென்சர் மைக் அதை மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொள்ளும். வாசிக்கிறபோது ஒன்றும் தெரியாது. எடிட்டிங்கில் ஒரு பிடியை வெட்டி இன்னொரு டேக்கிலிருந்து ஒட்டும்போது வயலின் அழகாகச் சேர்ந்துவிடும், அடியில் கசிந்திருக்கிற தம்பூரா மட்டும் துள்ளும். பஞ்சமம் மீட்டி முடிவதற்குள் அறுந்துபோய், அடுத்த நொடியே நடு ஸட்ஜம் தொடங்கும். மேலே புதிதாக ஒரு தம்பூரா ட்ராக் போட்டு மறைக்கலாம் என்று பார்த்தால், இரண்டுக்கும் சுருதி ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் அலையடிக்கும். கசிவைச் சுரண்டி எடுக்கவும் வழியில்லை. அது வயலின் வாசிக்கிற அதே ஸட்ஜ பஞ்சமத்தின் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது.

நான் ஸ்ரீரங்கத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு இல்லாத நேரத்தில் வீட்டின் பின்னறையில் வயலின் பகுதிகளைப் பதிவு செய்து அனுப்பும் வேலையும் உண்டு. பாடகர் ஒரு ஊரில், மிருதங்கம் இன்னொரு ஊரில், நான் இங்கே. இந்த மாதிரிப் பதிவு இப்போது சகஜமாகிவிட்டதால், என்னிடம் படிக்கிற பெண்கள் வாரத்துக்கு ஒரு லிங்க் அனுப்பி, "மிஸ், இது வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துவிட்டது. அதனால் இங்கே.

முதலில், எதைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பது? விமர்சனம் செய்கிறவர்கள் பெரும்பாலும் ராக், ஜாஸ், எலக்ட்ரானிக் என்று அவர்களுக்குப் பழக்கமானதைப் போட்டுப் பார்க்கிறார்கள். அவர்கள் கோணத்தில் அது சரி. கிக் டிரம் எப்படிக் கேட்கிறது என்பது எனக்கு எந்த விதத்திலும் உதவாது. நான் தம்பூராவில் தொடங்குவேன். எலக்ட்ரானிக் பெட்டி வேண்டாம், நிஜத் தம்பூராவின் நல்ல பதிவு ஒன்று, ஒரு கட்டை சுருதியில். அதில் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ், நடு ஸட்ஜங்கள் 131. ஜீவா, அதாவது தந்திக்கு அடியில் வைக்கிற நூல், சரியாக நிற்கிற தம்பூராவில், ஸட்ஜத் தந்தியை மீட்டின கொஞ்ச நேரத்தில் யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம் தானாக எழும். ஸ்வயம்பு ஸ்வரம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அது அந்தத் தந்தியின் அதிர்வைப் போல 5 மடங்கில் வரும் ஒலி. மந்தர ஸட்ஜத்திலிருந்து எழுவது 327 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும்.

ஹெட்ஃபோன் விற்பவர்கள் சாதாரணக் கேட்பாளருக்காக பேஸையும் ட்ரெபிளையும் தூக்கி, நடுவைப் பள்ளமாக்கி வைத்திருந்தால் இந்தக் காந்தாரம் எங்கோ பின்னால் போய்விடும். அடியில் பொங்குகிற பேஸ் அதன் மேல் போர்த்திக்கொள்ளும். தம்பூரா ரீங்கரிக்கும், கனமாக இருக்கும், காந்தாரம் மட்டும் இருக்காது. கடையில் நிற்கிற ஐந்து நிமிஷத்தில் வேறெதுவும் கேட்க முடியாவிட்டாலும் இதை மட்டும் கேட்டுவிடுங்கள். நுணுக்கமாகக் கேட்பதற்கான ஹெட்ஃபோனா இல்லையா என்பது இங்கேயே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

அப்புறம் மிருதங்கம். சாதாரணத் தோல் வாத்தியங்களின் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறிக் கிடக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது முகத்தில், நடுவில் இருக்கும் கரணை என்கிற கருப்பு வட்டம் அவற்றை இழுத்துக்கட்டி, கிட்டத்தட்டத் தந்தி வாத்தியம் போல ஒழுங்குபடுத்துகிறது. சர் சி.வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதியதும், 1934இல் விரிவாக எழுதியதும் இதைப் பற்றித்தான். அதனால்தான் வலந்தலையைச் சுருதிக்குச் சேர்க்க முடிகிறது. நல்ல ஹெட்ஃபோனில் மீட்டுச் சொல் விழும்போது அந்த ஸட்ஜம் தனியாகக் காதில் நிற்க வேண்டும். அடி விழுந்த சத்தம் மட்டும் கேட்டு, ஸ்வரம் கேட்கவில்லையென்றால் அடுத்த மாடலுக்குப் போய்விடலாம்.

இடது பக்கம் வேறு கதை. தொப்பி என்கிற இடது முகத்தில் கையால் தேய்த்துக் கும்கி கொடுக்கும்போது ஒலி அடியிலிருந்து வளைந்து மேலே ஏறும். பேஸ் கூட்டப்பட்ட ஹெட்ஃபோனில் அந்த வளைவு தெரியாது, வெறும் 'தொம்' என்ற வீக்கம்தான் கேட்கும். இதில் ஏமாறுவது சுலபம், ஏனென்றால் கேட்க ரொம்ப சுகமாக இருக்கும். அதை நம்பி மிக்ஸ் செய்தால், அதாவது ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் சமன்செய்து சேர்த்தால், தொப்பியைக் குறைத்துக்கொண்டே போவீர்கள். கடைசியில் போன் ஸ்பீக்கரிலோ காரிலோ போட்டால் மிருதங்கத்துக்கு வலது கை மட்டும்தான் இருக்கும்.

சரி, இனி தலைக்கு வருவோம். எந்த விமர்சனத்திலும் நான் பார்க்காத விஷயம் தோடு. மூடிய வகை ஹெட்ஃபோனின் பேஸ் முழுக்க முழுக்க, மெத்தை கன்னத்தோடும் காதோரத்தோடும் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சின்ன இடுக்கு இருந்தால்கூட அடி ஒலிகள் முதலில் ஓடிவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு போகிற இடத்தில் ஒரு இடுக்கு. கொஞ்சம் பெரிய கல் தோடு போட்டிருந்தால் மெத்தையின் கீழ் விளிம்பில் இன்னொரு இடுக்கு. ஜிமிக்கி என்றால் கேட்கவே வேண்டாம், தலை அசைகிறபோதெல்லாம் கப்பின் ஓரத்தில் 'டிக் டிக்' என்று தனித் தாளம் போடும், அது மைக்கிலும் ஏறும். காது மடலுக்குப் பின்னால் இருக்கும் திருகாணிதான் எல்லாவற்றையும்விட மோசம். கப் காதைச் சுற்றி உட்காராமல் காதின் மேலேயே அழுத்தினால், அரை மணியில் திருகாணி பின்பக்கம் குத்த ஆரம்பித்துவிடும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே சென்ஹைசர் எச்டி 25ஐ நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். 1988இல் வந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மாடல், எடை 140 கிராம்தான், டிஜேக்களும் கேமரா குழுக்களின் சவுண்ட்காரர்களும் அதன் மேல் சத்தியம் செய்வார்கள். ஆனால் அது காதின் மேல் அழுத்தி உட்காருகிற வகை. தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாசிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் தினமும் திருகாணி தேடிப் பார்த்தவர் இல்லை.

ஆகவே காது முழுக்க உள்ளே போய் உட்காருகிற அளவுக்கு அகலமும் ஆழமும் உள்ள கப் வேண்டும். போட்டுப் பார்க்கும்போது மேடைக்குப் போகிற கோலத்தில் போட்டுப் பாருங்கள்: கண்ணாடி, தோடு, தலையில் கொண்டை இருந்தால் கொண்டையோடு. தம்பூராவை ஓடவிட்டு, இரண்டு கைகளாலும் கப்பைக் காதோடு மெல்ல அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் சாதாரணமாகப் போடும்போது காற்று கசிகிறது என்று அர்த்தம். அழுத்தினாலும் பெரிய மாற்றமில்லை என்றால் பொருந்திவிட்டது.

மெத்தையின் துணியும் யோசிக்க வேண்டியதே. சித்திரை மாதத் திருச்சியில், சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரெக்ஸின் மாதிரியான செயற்கைத் தோல் நன்றாக அடைக்கும், ஆனால் பத்து நிமிஷத்தில் காதைச் சுற்றி வேர்வை வளையம் கட்டிவிடும். வேர்வையும் தலைக்கு வைக்கிற எண்ணெயும் சேர்ந்து அந்தத் தோலைச் சீக்கிரம் உரித்துவிடும், கருப்புத் துகள்கள் கன்னமெல்லாம் ஒட்டும். வெல்வெட் மாதிரியான வெலூர் மெத்தை கொஞ்சம் குறைவாகத்தான் அடைக்கும், ஆனால் மூன்று மணி நேரம் போட்டிருக்கலாம். எனக்கு வெலூர்தான்.

இனி மாடல்கள். உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது மூன்று, நானும் அந்த மூன்றைத்தான் நிதானமாகக் கேட்டேன்.

சோனி எம்டிஆர்-7506, 1991இல் வந்தது. 230 கிராம், மடக்கிப் பைக்குள் வைக்கலாம், மின்தடை 63 ஓம், போனில் சொருகினாலும் தாராளமாகச் சத்தம் வரும். இதன் குணம் மேல் ஒலிகளைக் கண்ணாடி போட்டுக் காட்டுவது. வில் திரும்புகிற இடத்தில் வரும் சின்னக் கரகரப்பு, பாடகர் மூச்சிழுப்பது, 'ச', 'ஷ' எழுத்துகளின் சீறல், வெட்டி ஒட்டின இடத்தில் வரும் 'டப்', எல்லாம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். எடிட்டிங்குக்கு இதைவிட வசதியானது கிடையாது. இரண்டு மணி நேரம் ரசித்துக் கச்சேரி கேட்க என்றால் நான் எடுக்க மாட்டேன், களைத்துப்போகும். சுருள் ஒயர் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது, கழற்ற முடியாது.

ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ், 2014இல் வந்தது, அதற்கு முன் 2007இலிருந்து எம்50 இருந்தது. 38 ஓம். ஒயரைக் கழற்றி மாற்றலாம், பெட்டியிலேயே மூன்று ஒயர்கள் வரும். இது பெரிய வசதி, ஏனென்றால் ஹெட்ஃபோனில் முதலில் சாகிறது எப்போதும் ஒயர்தான். ஒலியில் கொஞ்சம் உற்சாகம் அதிகம், தொப்பி சற்றுத் தடிமனாக இருக்கும். பாட்டும் கேட்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும், ஒன்றுதான் வாங்க முடியும் என்கிற மாணவிக்கு இதைச் சொல்லுவேன். காது பெரிதாக இருப்பவர்களுக்குக் கப் கொஞ்சம் சிறிது.

பையர்டைனமிக் டிடி 770 ப்ரோ, ஜெர்மனியின் ஹைல்பிரானில் செய்வது. 32, 80, 250 ஓம் என்று மூன்று வகை. 80, 250 ஓம் வகைகளில் வெலூர் மெத்தை. ஆழமான வட்டக் கப், 270 கிராம். என் தோடும் திருகாணியும் கண்ணாடியும் ஒன்றாக உள்ளே போய்ச் சண்டை போடாமல் உட்கார்ந்தது இதில்தான். 80 ஓம் வகையில் நேரான 3 மீட்டர் ஒயர், அதுவும் எனக்குச் சாதகம். நாம் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் வைத்து, அடிப்பகுதியை இடது தோள் பக்கம் சாய்த்து வாசிக்கிறவர்கள். இந்த ஹெட்ஃபோன்கள் எல்லாவற்றிலும் ஒயர் இடது கப்பிலிருந்துதான் இறங்குகிறது. அப்படியே விட்டால் வயலின் மேல் விழுந்து உரசும், அந்த 'சர்ர்' சத்தம் மைக்குக்கு ரொம்பப் பிடிக்கும். சுருள் ஒயர் என்றால் கனத்தில் தலையையே ஒரு பக்கம் இழுக்கும். நேர் ஒயரைப் பிடரி வழியாகப் பின்னால் திருப்பி, ரவிக்கையின் பின்கழுத்தில் ஒரு சின்ன க்ளிப் போட்டுவிட்டால் ஒயர் இருப்பதே மறந்துபோகும்.

டிடி 770இன் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மேலே 8, 9 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு தூக்கல். வயலினில் அது வில்லுக்குத் தடவுகிற ரோசினின் கரகரப்பாகக் கேட்கும். நான் வாசித்ததைவிட வில் கொஞ்சம் முரடாகத் தெரியும். அந்த ஒலிகளை மட்டும் இறக்க ஈக்யூ போடக் கை துறுதுறுக்கும், போட்டால் ஸ்பீக்கரில் வயலின் மந்தமாகிவிடும். பழகிவிட்டால் மனசே கழித்துக்கொள்கிறது. நான் வாங்கியதும் இதைத்தான், 80 ஓம்.

ஓம் கணக்கில் பலருக்குக் குழப்பம். எண் பெரிதானால் தரம் உயரும் என்பதில்லை. 250 ஓம் வகைக்கு அதே சத்தம் வர அதிக வோல்டேஜ் தேவை, போனிலோ லேப்டாப்பிலோ சொருகினால் முனகும். மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சாதாரண யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு 80 போதும். போனிலிருந்துதான் என்றால் 32 ஓம் வகையோ, மேலே சொன்ன சோனியோ.

தவில்காரரோடு ஒரே அறையில் உட்கார்ந்து பதிவு செய்கிறவர்களுக்கு மட்டும் நான் வேறு பதில் சொல்லுவேன். டிடி 770 வெளிச்சத்தத்தைக் குறைப்பது சுமார் 18 டெசிபெல் என்று அதைச் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். சென்ஹைசர் எச்டி 280 ப்ரோவுக்குக் கொடுத்திருக்கும் கணக்கு 32 வரை. அது தலையை இறுக்கிப் பிடிக்கும், ஒலியிலும் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை, ஆனால் தவிலின் பக்கத்தில் ரசனையைப் பற்றிப் பேச நேரமிருக்காது. எந்த மூடிய ஹெட்ஃபோனும் அடி ஒலிகளை அதிகம் தடுக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். தெருவில் பேசுகிற சத்தம் மறைந்துவிடும், தண்ணி மோட்டார் உறுமுவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த உறுமலைக் குறைப்பதில் கெட்டி நாய்ஸ் கேன்சலிங் வகைகள்தான். ஆனால் அவை ஒலியைத் தாங்களாகவே ஏதோ செய்துவிட்டுத்தான் கொடுக்கின்றன, எனக்கு நம்பிக்கையில்லை.

ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். கேட்பதற்குச் சரி, வாசிப்பதற்கு இல்லை. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர 0.2 வினாடி வாக்கில் தாமதமாவது சகஜம். நிமிஷத்துக்கு 80 எண்ணிக்கை ஓடுகிற ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வரும் சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரை 0.19 வினாடிதான். அதாவது மிருதங்க ட்ராக்கைக் கேட்டு வாசிக்கிற நீங்கள் ஒரு முழு மாத்திரை தள்ளி வாசித்துக்கொண்டிருப்பீர்கள், உங்கள் காதுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஒரு மாணவி இப்படிப் பதிவு செய்து அனுப்பிய வர்ணத்தை நான் கேட்டிருக்கிறேன். கணக்குச் சுத்தம், வாசிப்புச் சுத்தம், மொத்தமும் ஒரே அளவில் பின்னால்.

பாடுகிறவர்களுக்குப் பிரச்சினையே வேறு. இங்கே பதிவுக்கு வந்த மூத்த பாடகர் ஒருவர் ஹெட்ஃபோனை மாட்டின உடனே இடது கப்பைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். "ரெண்டு காதையும் மூடிட்டா என் குரலே எனக்கு அன்னியமா இருக்கும்மா" என்றார். அவர் சொன்னது நியாயம். காதை அடைத்தால் சொந்தக் குரல் எலும்பு வழியாக உள்ளேயே முட்டிக் கனமாகக் கேட்கும். அதை மீறிச் சுருதி கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டினால், ஸ்வரம் இறங்க ஆரம்பிக்கும். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடுவது காலங்காலமாக எல்லா ஊர் ஸ்டூடியோவிலும் நடக்கிற விஷயம்தான். ஆனால் தள்ளிவிட்ட அந்தக் கப் திறந்தபடி மைக்கைப் பார்த்துத் தம்பூராவைக் கொட்டிக்கொண்டிருக்கும், மூடிய ஹெட்ஃபோன் வாங்கினதற்கே அர்த்தமில்லாமல் போகும். இதற்குச் செலவில்லாத வழி உண்டு: காதுக்குப் போகிற மிக்ஸை முழுவதும் வலது பக்கம் தள்ளிவிடுங்கள். இடது கப் ஊமையாகிவிடும். அவரிடம் அப்படிச் செய்துகொடுத்தேன், ஸ்பீக்கர் ஏதும் வைத்திருக்கிறாயா என்று அறையைச் சுற்றிப் பார்த்தார்.

மூடிய ஹெட்ஃபோனிலேயே மிக்ஸை முடித்துவிடலாமா என்ற கேள்விக்கு, முடிந்தால் வேண்டாம். கப்புக்குள் முட்டித் திரும்புகிற ஒலி எவ்வளவு நல்ல மாடலிலும் கொஞ்சம் பெட்டிக்குள் கேட்கிற குணத்தைக் கொடுத்துவிடும், பேஸ் ஆளுக்கு ஆள் மாறும், இடது வலது விரிவும் நிஜத்தைவிட மிகையாக இருக்கும். வயலின் எங்கே பிசிறடிக்கிறது, எந்தக் கமகத்தில் விரல் தாமதித்தது என்று பார்க்க இது பூதக்கண்ணாடி. தொப்பி எவ்வளவு, எதிரொலி எவ்வளவு என்று முடிவெடுக்க ஸ்பீக்கருக்கோ ஓப்பன் பேக்குக்கோ போய்விடுவேன்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வெளிச்சத்தம் அடங்கினதும் உள்சத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாமலே போகும். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வேலை செய்கிறவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2, 94இல் 1. நான் பதிவு ஆரம்பிக்கும்போது வால்யூமைக் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டு, தம்பூரா தெளிவாகிற இடம் வரை மட்டும் ஏற்றுவேன். இன்டர்ஃபேஸின் குமிழில் அந்த இடத்தில் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறேன். அதற்கு மேல் திருப்பத் தோன்றினால் அன்றைக்கு வேலையை நிறுத்துகிற நேரம் வந்துவிட்டது.

வாங்குகிற இடத்தில் கவனம் தேவை. மேலே சொன்ன பிரபல மாடல்களுக்கெல்லாம் அச்சு அசலாகப் போலி உண்டு. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் யோசியுங்கள். வாரண்டி கார்டில் இந்திய இறக்குமதியாளரின் விவரம் இருக்கிறதா, மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். மெத்தை கிடைக்காத ஹெட்ஃபோனுக்கு நம்மூர் வேர்வையில் ஆயுசு குறைவு.

அந்த மெத்தையிலும் அசல்தான் வேண்டும். கனம், துளைகள், துணி கொஞ்சம் மாறினாலும், ஒலி எழுப்புகிற ட்ரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறி ஒலியே வேறாகிவிடும். அசலையே போட்டாலும் நைந்த மெத்தைக்குப் பழகின காதுக்குப் புதியதில் பேஸ் கூடினது போல இருக்கும். நான் மாற்றின அன்றைக்கு எந்த வேலையையும் அனுப்புவதில்லை. அதே தம்பூராவையும், முன்பே முடித்து அனுப்பின இரண்டு கீர்த்தனைகளையும் போட்டுக் கேட்டுவிட்டு, மறுநாள்தான் ஒலியளவை மாற்றுகிற ஃபேடரைத் தொடுவேன்.